முடியுமா என்று கேட்கக் கூடாது

காகிதத்தின் மேல் ஒரு நகத்துண்டு கிடந்தது. மேற்பார்வையாளருடையது. அவர் காலை பத்து மணிக்கு அலுவலக மேசையிலேயே நகம் வெட்டுகிற மனிதர். வெட்டியது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. நர்ஸ் அதைப் பேனா முனையால் தள்ளினாள். அது கீழே விழாமல் காகிதத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. 

"படிச்சாச்சா?" என்றார் அவர்.

"படிச்சேன் சார்."

"அப்ப போட்டுடுங்க. நாலு மணிக்குள்ள மேலிடத்துக்குப் போகணும்."

"நாலு மணிக்குள்ளதானே? இருக்கட்டும்."

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையாம்மா? உங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்?"

காகிதத்தில் இருந்தது நான்கே வரி. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற, அறுபத்தெட்டு வயதான ஒருவர் இந்த மருத்துவ ஆலோசனை மையத்துக்கு ஒன்பது நாளில் நான்கு முறை போன் செய்தார். முதல் மூன்று முறையும் உதவி அளிக்க மையம் முன்வந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியும் என்று கூறி அவரே மறுத்துவிட்டார். நான்காவது முறை ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. பிறகு நிகழ்ந்ததற்கு மையம் பொறுப்பல்ல.

பிறகு நிகழ்ந்தது என்னவென்றால், அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைச் சொல்ல அந்தக் காகிதத்துக்கு வாய் வரவில்லை.

டிரைவரின் மருமகள் புகார் கொடுத்திருந்தாள். அதற்குத்தான் இந்தப் பதில். 'தானே மறுத்தவர்' என்று பதிவாகிவிட்டால் புகார் அங்கேயே செத்தது. அதோடு போகாது. செயற்கைக் கால் கொடுக்கும் வரிசையில் டிரைவர் கடைசிக்குத் தள்ளப்படுவார். வீட்டுக்கு வந்து கட்டு மாற்றும் நர்ஸும் வரமாட்டாள். மறுத்தவருக்கு முன்னுரிமை இல்லை என்பது விதி. ஒரு கிழவர் எஞ்சிய காலம் நடப்பாரா, கட்டிலிலேயே கிடப்பாரா என்பது இந்தக் கையெழுத்தில் இருந்தது. கோட்டுக்கு மேல் அவளுடைய பணியாளர் எண்ணை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

"ஏன் சார் என் நம்பர்?"

"நாலாவது தடவை போனை எடுத்தது நீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பினது நீங்க. சீனியரும் நீங்கதான். உங்க பேரு இருந்தா மேல ஒரு கேள்வி வராது."

சொல்லிவிட்டு அவர் அடுத்த விரலுக்குப் போனார்.

அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கான அந்த மையம். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் பன்னிரண்டு பேரின் வேர்வை வாடை. ஹெட்செட் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடையாது. முந்தைய ஷிப்ட்காரியின் காதில் கிடந்த பஞ்சு உறையை இவள் மாட்டிக்கொள்ள வேண்டும்; அதில் அவளுடைய எண்ணெயும் முகப்பவுடரும் கசங்கி ஒரு பிசுக்காக இருக்கும். ஏழு வருடமாக ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் துடைத்து மாட்டுகிறாள். இன்னும் பழகவில்லை.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள். சீழ், மலம், வாந்தி எதைக் கண்டும் முகம் சுளித்ததில்லை என்று பெயர். கால் நரம்புகள் புழு மாதிரி சுருண்டு புடைத்த பிறகுதான், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். இங்கே அனுப்பினார்கள். "உனக்கென்ன, உக்காந்த இடத்துல பேசிக்கிட்டே இருக்கற வேலை. வீட்டுல இத்தனை வருஷம் சும்மாவே செஞ்சே, இப்ப சம்பளமும் தர்றாங்க" என்றார் வீட்டுக்காரர். அவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் செய்கிற வேலை.

வந்த முதல் வருடத்திலேயே அவளுக்கு ஒன்று புரிந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்கள் மற்ற நோயாளிகளைப் போல இல்லை. மற்றவர்கள் தும்மலை மாரடைப்பாகச் சொல்வார்கள். இவர்கள் மாரடைப்பைத் தும்மலாகச் சொல்வார்கள். "நெஞ்சுல லேசா ஒரு பிடிப்பு சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ரிசீவர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இன்னொருவரைக் காத்திருப்பில் போட்டுவிட்டு டாக்டரிடம் கேட்கப் போனாள். காத்திருப்பில் ஒலிப்பது ராணுவ பாண்டு இசை. யாரோ புண்ணியவான் மரியாதை என்று நினைத்து வைத்தது. திரும்பி வந்து, "என்னங்க இப்படி மூச்சு வாங்குது?" என்றாள். "பாண்டு அடிக்குதே சிஸ்டர், உக்காந்துட்டா கேக்க முடியும்? எழுந்து நின்னேன்" என்றார். இடுப்பு எலும்பு விரிசல் விட்டிருந்த மனிதர்.

அவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு என்பதையும் அவள் கண்டுகொண்டாள். 'உங்களால் முடியுமா?' இருபது வருடம், முப்பது வருடம் யாராவது அதிகாரி இதே கேள்வியைக் கேட்டிருப்பார். அதற்கு ஒரே பதில்தான். முடியாது என்கிற சொல்லை அவர்கள் வாயிலிருந்து என்றோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஆகவே அவள் கேட்பதை விட்டுவிட்டு உத்தரவு போட ஆரம்பித்தாள். "எழுந்து நில்லுங்க. கதவு வரைக்கும் நடங்க. நடந்து வந்து எத்தனை தடவை நின்னீங்கன்னு சொல்லுங்க." உத்தரவு என்றால் அட்சரம் பிசகாமல் செய்வார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பொய். என்ன தெரிகிறது என்று கேட்டால் உண்மை. அலுவலகத்தில் அவளுக்கு 'ஆர்டர் அக்கா' என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

போன வருடம் இந்த மேற்பார்வையாளர் வந்தார். கூடவே புதிய கணினித் திரை வந்தது. கேள்விகள் திரையில் வரும், படித்தால் போதும். கடைசிக் கேள்வி: 'வீட்டிலேயே பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா?' முடியும் என்றால் கட்டம் பச்சையாகும், அழைப்பு முடிந்தது. ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம். மூன்றே மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகள் பச்சையாகிவிட்டன. மேற்பார்வையாளருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை அவர் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். பெண்கள் அவரைப் 'பச்சை சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பாராட்டாகப் பட்டது.

டிரைவரின் நான்காவது அழைப்பு போன வியாழக்கிழமை காலையில் வந்தது.

"சிஸ்டர், நான் டிரைவர் பேசறேன்."

"எந்த டிரைவர்?"

"மலைப் பாதையில அஞ்சு டன் வண்டி ஓட்டினவன். ஒண்ணுமில்ல, மருமக போன் பண்ணு பண்ணுன்னு உசுரை எடுக்குது. கால்ல ஒரு சின்னப் புண்ணு. வலி சுத்தமா இல்ல."

வலி இல்லாத புண் என்றால் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். "சர்க்கரை இருக்கா?"

"அது இருக்கு, பதினாறு வருஷமா. நம்ம கூடவே ஓடிட்டிருக்கு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. "டிரைவர், சொல்றபடி செய்யுங்க. உக்காருங்க. துணியைப் பிரிங்க. பெருவிரல்லேர்ந்து எண்ணுங்க. ஒவ்வொண்ணும் என்ன நிறம்னு சொல்லுங்க."

"ஒண்ணு, சாதாரணம். ரெண்டு, சாதாரணம். மூணு கறுப்பு. நாலு கறுப்பு. அஞ்சு..." நிறுத்தினார். "அஞ்சைக் காணோம் சிஸ்டர். துணியோட ஒட்டிட்டிருக்கு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது: "நாத்தத்தைச் சொல்லுங்க மாமா! வீட்டுல ஒருத்தருக்கும் சோறு இறங்கல, அதைச் சொல்லுங்க!"

"அது எலி செத்திருக்கு சிஸ்டர். மூணு நாளா அலமாரி அலமாரியா இழுத்துப் போட்டுத் தேடறோம். கெடைக்க மாட்டேங்குது."

"எலி இல்ல டிரைவர்" என்றாள். "காலை அசைக்காதீங்க. வண்டி வருது."

அவர் உயிர் பிழைத்ததற்குத் தான் காரணம் என்று அவள் நான்கு நாளாக மனதுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்திருந்தாள். முதல் மூன்று அழைப்புகளை எடுத்த கழுதைகள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவுகளை ஓடவிட்டாள்.

முதலாவது, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பையனுடையது. செருப்பு கடித்த கொப்புளம், பச்சை. இரண்டாவது ஓட ஆரம்பித்தது. பெண் குரல். வேகமாக, ஏற்ற இறக்கமில்லாமல், பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி.

"வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?"

"வலியே இல்லைங்க சிஸ்டர். விரல்தான் கொஞ்சம் நிறம் மாறி இருக்கு."

"வலி பூஜ்யம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் வைத்திருங்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா?"

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று இழுபட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்த மூச்சு.

"முடியும் சிஸ்டர்."

"நன்றி. உங்கள் சேவைக்கு எங்கள் வணக்கம்."

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. அவளுடைய குரல்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்த மூச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கு என்ன நாள் என்று யோசித்துப் பார்த்தாள். பதினோரு பேர் காத்திருப்பில் இருந்தார்கள். அவளுடைய அழைப்புகள் நீளுகின்றன என்று அன்று காலைதான் எச்சரிக்கை வந்திருந்தது. அதற்காக? வார்டில் ஒரு பயிற்சிப் பெண் இப்படிச் செய்திருந்தால் தட்டை எறிந்து திட்டியிருப்பாள். வலியில்லாத சர்க்கரைப் புண்ணை ஒரு நர்ஸ் கழுவிக் காயவைக்கச் சொல்லியிருக்கிறாள். அதன் மேல் வணக்கம் வேறு. மூன்றாவதில் வேறொருத்தி, அதே கேள்வி, அதே பச்சை. டப்பாவைத் தொடாமலே மூடி வைத்துவிட்டாள்.

பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரி கை துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"டிரைவரோட ரெண்டாவது போன் நான் எடுத்தது."

"எந்த ரெண்டாவது?" குனிந்து திரையைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க. அவர் மறுத்தார்னு எழுதியிருக்குல்ல? உங்களையும் சேர்த்துத்தான் அது காப்பாத்துது."

"அவர் மறுக்கலைடி."

"முடியும்னாரா இல்லையா? ரெக்கார்டுல இருக்கே. பொய் சொல்லச் சொல்லலையே உங்களை."

"அதுதான் நாறுது" என்றாள் நர்ஸ்.

மாடிப்படிக்குப் போய்த் தன் சொந்த போனிலிருந்து, பதிவில் இருந்த டிரைவரின் செல்போன் எண்ணைக் கூப்பிட்டாள். மருமகள் எடுத்தாள்; ஆஸ்பத்திரியில் மாமனார் பக்கத்தில்தான் இருக்கிறாளாம். நர்ஸ் தான் யார் என்று சொன்னதும், "எந்த சிஸ்டர்? ஆம்புலன்ஸ் அனுப்பினவங்களா, இல்ல கழுவச் சொன்னவங்களா?" என்றாள்.

நர்ஸ் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டும் நான்தாம்மா."

"அவர்கிட்டயே பேசுங்க. எனக்கு உங்ககிட்ட பேசப் பிடிக்கல" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

"சிஸ்டரா? வணக்கம் சிஸ்டர்!" டிரைவரின் குரல் வரும்போதே விறைப்பாக வந்தது.

அவள் காகிதத்தை அப்படியே படித்துக் காட்டினாள். செயற்கைக் கால் வரிசையைப் பற்றிச் சொன்னாள்.

"போட்டுடுங்க சிஸ்டர்" என்றார். "நான் முடியும்னு சொன்னது நிஜந்தானே? சொல்லிட்டு இப்ப மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்? உங்க வேலைக்கு ஒரு ஆபத்து வரக் கூடாது. கால் போனது போச்சு. ஒரு கட்டை வச்சுக்கிட்டு சமாளிச்சுக்க முடியும்."

"முடியும், முடியும், முடியும்! இந்த ஒரு வார்த்தையைத் தவிர வேற எதுவும் சொல்லிக்குடுக்கலையா உங்களுக்கு?" அவள் கத்திய கத்தலில் கீழே டயர் கடைக்காரன் அண்ணாந்து பார்த்தான். "யாராவது ஒருத்தர் உங்க கால்ல ஏறி நின்னாக்கூட எறங்குன்னு சொல்ல மாட்டீங்களா?"

"நல்ல பூட்ஸ் போட்டவரா இருந்தா யோசிப்பேன் சிஸ்டர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் காது கூசியது. தன்னைத் தின்றவனுக்கு இலை போட்டுக் கொடுக்கிற மனிதரிடம் என்ன பேச? போனை வைத்தாள்.

மூன்றரை மணிக்குக் காகிதத்தை எடுத்தாள். அச்சடித்த நான்கு வரியையும் ஒரே கோடாக அடித்தாள். கீழே எழுதினாள்: 'இவர் உதவியை மறுக்கவில்லை. உதவி வேண்டுமா என்று முதல் மூன்று அழைப்பிலும் இவரிடம் கேட்கப்படவில்லை. முடியுமா என்று மட்டுமே கேட்கப்பட்டது. ராணுவத்தில் இருந்தவர்கள் இந்தக் கேள்விக்கு முடியாது என்று பதில் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். தெரிந்தும் இரண்டாவது அழைப்பில் நான் அதையே கேட்டேன். சர்க்கரை நோய் உண்டா என்று விசாரிக்கவில்லை. தவறு என்னுடையது, அந்தக் கேள்வியுடையது.' கையெழுத்துப் போட்டாள். பிரதி எடுத்து, ஒன்றை மேலிடத்துக்கு நேராகவே அனுப்பிவிட்டு, இன்னொன்றைப் பச்சை சாரின் மேசையில் வைத்தாள்.

அவர் வாசிக்க வாசிக்க உதடு உலர்ந்தது. "உங்க தலையில நீங்களே மண்ணைப் போட்டுக்கறீங்க. அது உங்க இஷ்டம். என் கேள்வியை ஏம்மா இழுக்கறீங்க?"

"உங்க கேள்வி சார் அது. நூத்துக்குத் தொண்ணூறு பச்சை எங்கேர்ந்து வந்துதுன்னு நினைச்சீங்க?"

"நாளைலேர்ந்து வர வேண்டாம். விசாரணை முடியற வரைக்கும்."

"சரி."

"சரின்னா? அவ்வளவுதானா? ஒரு வருத்தம், ஒரு பயம், ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு சார். உங்ககிட்ட காட்டற மாதிரி இல்ல."

டிரைவர் இருந்த ஆஸ்பத்திரி ஏழு நிறுத்தம் தள்ளி இருந்தது. கால் நரம்பு தெறிக்க மூன்றாவது மாடி ஏறினாள். வார்டுக்குள் நுழைந்ததுமே பினாயிலும் பழைய ரத்தமும் வெந்த சோறும் கலந்த வாடை அடித்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு மூக்கு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஜன்னல் ஓரக் கட்டிலில் மெலிந்த ஒருவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வையை முனை மாறாமல் மடித்து விரித்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண், மருமகளாகத்தான் இருக்க வேண்டும், இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டிரைவர்" என்றாள் நர்ஸ்.

குரலைக் கேட்டதும் அவர் எழுந்து நிற்கப் போனார். இடது பக்கம் கால் இல்லை என்பது அரை நொடி கழித்துத்தான் ஞாபகம் வந்தது போல. மருமகள் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"அந்தக் காகிதத்தை மாத்தி எழுதிட்டேன். நீங்க மறுத்ததா அதுல இல்ல. உங்களை எழுதிக் கேப்பாங்க. என்னையும் கேப்பாங்க. நீங்க பாட்டுக்கு வீரம் பேசிக் கெடுத்துடாதீங்க."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வேலை போயிடுமே சிஸ்டர்."

"அதைப் பத்தி உங்ககிட்ட ஆலோசனை கேக்கல."

"அவர் ஒண்ணும் பேச மாட்டார்" என்றாள் மருமகள். "நான் பேசறேன்." ஸ்டூலை விட்டு எழவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

நர்ஸ் கட்டிலருகே நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. போர்வையின் முனையைப் பிடித்துத் தூக்கினாள். கட்டின் அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஊறி, விளிம்பில் காய்ந்து மொடமொடத்திருந்தது.

"எப்ப மாத்தினாங்க?"

"நேத்து காலைல, எட்டு பத்துக்கு" என்றார் டிரைவர், நேரம் தவறாமல்.

அவள் வராந்தாவின் கோடியில் இருந்த மேசைக்குப் போனாள். வார்டு நர்ஸ் சின்னப் பெண். கண் இரண்டும் தூக்கத்தில் சிவந்திருந்தன.

"ஜன்னல் கட்டிலா? காலைலயே போய்க் கேட்டேனேம்மா. நல்லாயிருக்கு, மத்தவங்களைப் பாருங்க, என்னால சமாளிக்க முடியும்னாரு."

"அவர்கிட்ட கேக்காதீங்க. தூக்கிப் பாருங்க."

"நீங்க யாரு?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "டிரேயை எடுத்துட்டு வாங்க. காலை நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவுகிற இடத்தைத் தேடிப் போனாள். குழாயடித் தொட்டியில் யாரோ துப்பிய சளி கிடந்தது. சோப்புக்கட்டியில் முடி ஒட்டியிருந்தது. முடியை எடுத்துப் போட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள்.